வெயில் பக்கத்து சீட்டு

ஏனுங்க, அந்தம்மாளை இந்தப் பக்கம் வந்து உக்காரச் சொல்லாதீங்க. நீங்க நல்ல மனசுலதான் எந்திரிச்சீங்க, தெரியுதுங்க. ஒரு பொம்பள வெயில்ல வெந்துட்டு உக்காந்திருக்கறா, நாம ஆம்பளைங்க நெழல்ல உக்காந்திருக்கறோம்னு உங்களுக்குச் சங்கட்டமாப் போச்சு. ஆனா வேண்டாங்க. அவ அங்கயே இருக்கட்டும். அவ எம் பொண்டாட்டிதானுங்க. நாந்தான் அங்க உக்கார வெச்சேன்.

அப்படிப் பாக்காதீங்க. சண்டை போட்டுட்டு உக்கார வெக்கலீங்க. அவ சரின்னுட்டுத்தான் உக்காந்தா. சித்த உக்காருங்க, சொல்றேன். டவுன் போய்ச் சேர ஒன்ற மணி நேரமாகுமல்ல.

நான் முப்பத்தியொரு வருசம் பஸ்ஸுல குப்பை கொட்டுனவனுங்க. மொதல்ல கண்டக்டரு, அப்பறம் செக்கிங் இன்ஸ்பெக்டரு. போன வருசந்தான் ரிட்டயர்டு. நாச்சிமுத்துன்னா இந்த ரூட்டுல எல்லாருக்கும் தெரியும். எந்த வண்டி எந்த நேரத்துக்குப் போனா எந்தப் பக்கம் வெயிலடிக்கும்னு கண்ணை மூடிட்டுச் சொல்லுவேன். இந்த வண்டி வடக்க போகுது. பன்னண்டே முக்காலுக்கு எடுத்தா கடைசி வரைக்கும் இடது பக்கந்தான் வெயிலு. அதுலயும் அவ உக்காந்திருக்கறது பின் டயருக்கு மேல சீட்டு. கீழயிருந்து சூடு, பக்கத்துலயிருந்து சூடு. அந்த சன்னல்ல ஷட்டரும் மாட்டிக்கிட்டு எறங்காது. இதுக்கு முந்தின வண்டியில அப்படி ஒரு சீட்டு அமையலைன்னு அதை விட்டுட்டு இந்த வண்டிக்கு நின்னோமுங்க.

கிறுக்கன்னு நெனைக்கறீங்க. நெனைச்சுக்குங்க. ஊர்ல கொஞ்சப்பேரு ஏற்கெனவே அப்படித்தான் நெனைக்கறாங்க.

ஜில்லா ஆசுபத்திரிக்குப் போறோமுங்க. இன்னிக்கு புதன்கெழமை, மெடிக்கல் போர்டு உக்காரும். மூணு மணி வரைக்கும் பாப்பாங்க. ஒடம்பு எத்தனை பர்சென்ட் முடியலைன்னு டாக்டருங்க பாத்து சர்ட்டிபிகேட்டு எழுதித் தருவாங்க. நாப்பது பர்சென்ட் இருந்தாத்தான் அது சர்ட்டிபிகேட்டு. அதுக்குக் கீழ போனா வெறும் காயிதம். ரெண்டு மாசத்துக்கு முன்னால ஒருக்கா போனோம். முப்பது போட்டுட்டாங்க.

அவ கணக்கு டீச்சருங்க. சாந்தாமணி டீச்சரு. அந்தக் காயிதத்தைப் பாத்துட்டு என்ன சொன்னா தெரியுங்களா? "இருவது வருசமா முப்பத்தஞ்சு வாங்காத பசங்களை ஃபெயில் போட்டேன். இப்ப என்னை பத்து மார்க்குல ஃபெயில் போட்டுட்டாங்க"ன்னு சிரிக்கறா. எனக்குச் சிரிப்பு வரலீங்க.

நீங்க ஒரு ஒத்தாசை பண்ணோணும். ஸ்டாண்டுல எறங்கறப்ப அவளால எறங்க முடியாது. நான் கீழ நின்னு இடுப்பைப் புடிச்சுக்குவேன். நீங்க மேல நின்னு ரெண்டு கை அக்குள்ள குடுத்துத் தாங்கிக்கோணும். பொம்பளையாச்சேன்னு கூச்சப்படாதீங்க. கால் ரெண்டும் துணி மாதர தொவண்டு போயிருக்கும், ஒருத்தனால சமாளிக்க முடியாது. சரிங்களா? சந்தோசமுங்க.

என்ன சீக்குன்னு கேக்கறீங்களா? எம்மெஸ்ஸுன்னு சொல்றாங்க. மல்டிபிள் ஸ்க்ளீரோசிஸ். அஞ்சு வருசத்துக்கு முன்னால ஒரு நாள் பள்ளிக்கூடத்துல இருந்து வந்து, "போர்டுல ஒரு கோடு போட்டா ரெண்டு கோடாத் தெரியுதுங்க"ன்னா. கண்ணு டாக்டரு கண்ணாடி எழுதிக் குடுத்தாரு. அப்பறம் கால் மரத்துப் போகுதுன்னா. கழுத்து எலும்பு தேஞ்சிருக்குதுன்னு பட்டை மாட்டி உட்டாங்க. ஒரு வருசம் இப்படியே ஓடிப்போச்சு. கடைசீல கோயமுத்தூர்ல ஒரு டாக்டரு தலையை ஸ்கேன் எடுத்துட்டு, இந்த மாதர, இந்த மாதரன்னாரு. வயருக்கு மேல ரப்பர் இருக்குதல்லங்க, அது அங்கங்க உரிஞ்சு போனா கரண்டு லைட்டுக்குப் போகாதல்ல. நரம்புக்கு மேல இருக்கற ரப்பர் உரிஞ்சு போச்சாமா. உரிஞ்சது உரிஞ்சதுதான். இனி மேல உரியாம இருக்கறதுக்குத்தான் மருந்து.

அதுல ஒரு கெரகம் என்னன்னா, இந்தச் சீக்குக்கு வெயில் ஆகாது. சூடு பட்டா அந்தக் கொஞ்ச நஞ்சக் கரண்டும் நின்னு போகும். காத்தால ஆறு மணிக்கு வாசல்ல கோலம் போடுவா, நீங்க பாத்தீங்கன்னா இவளுக்கா சீக்குன்னு கேப்பீங்க. மத்தியானம் ரெண்டு மணிக்கு ஒரு டம்ளர் தண்ணி தூக்க முடியாது. சாயங்காலம் பொழுதோட மேலுக்குக் குளுந்த தண்ணி ஊத்திட்டு வந்தா மறுக்கா நடப்பா. ஒரே ஆளு, ஒரே நாளு. பாக்கறவனுக்கு எப்படித் தெரியும் சொல்லுங்க.

அவளுக்குப் பள்ளிக்கூடம் முப்பது கிலோமீட்டர் தள்ளி, கரட்டூர்ல. ரெண்டு பஸ்ஸு மாறோணும். வகுப்பு மாடியில. மேல தகரக் கூரை. பங்குனி சித்திரையில அடுப்புதான் அது. எங்க ஊர்லயே, எங்க வீதி முக்குலயே ஒரு கவர்மென்ட் பள்ளிக்கூடம் இருக்குதுங்க. அங்க கணக்கு டீச்சர் எடம் இப்பக் காலி. வர்ற திங்கக்கெழமை மாறுதல் கவுன்சிலிங். நாப்பது பர்சென்ட் காயிதம் கையில இருந்தா முன்னுரிமை, அந்த எடம் இவளுக்கு. இல்லைன்னா வேற யாராவது எடுத்துக்குவாங்க. இவ கரட்டூருக்கே போகோணும். போக முடியாதுங்க. போன மார்ச்சுல மாடிப்படியில உக்காந்துட்டா. பத்தாங்கிளாஸ் புள்ளைங்க நாலு பேரு சேர்ல வெச்சுத் தூக்கிட்டு எறங்குனாங்க. அன்னிக்கு வந்து சொன்னா, "இன்னொருக்கா அப்படி ஆச்சுன்னா வேலை வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டு வந்துருவேன்"னு. அந்த வேலை போச்சுன்னா அவ இல்லீங்க. லீவு நாள்ல கூட காலண்டர் அட்டைக்குப் பின்னால கணக்குப் போட்டுட்டு இருக்கற பொம்பள.

எங்களுக்குப் புள்ளைங்க இல்லீங்க. அதையும் சொல்லிர்றேன். எல்லாரும் கேப்பாங்க.

கோயமுத்தூர்ல இந்தச் சீக்குக்காரங்களுக்குன்னே ஒரு சங்கம் இருக்குதுங்க. அதுல ரெஜினா மேடம்னு ஒருத்தரு. அவங்களுக்கும் இதே சீக்குதான், பதினஞ்சு வருசமா. வீல்சேர்லதான் இருக்காங்க. போன்லயே எல்லாம் பண்ணுவாங்க. வாரத்துக்கு ரெண்டு நாள் வீடியோவுல ஒரு பொண்ணு வந்து காலை நீட்டு, கையைத் தூக்குன்னு சொல்லிக் குடுக்கும். மாசத்துல ஒருக்கா எல்லாரையும் கூப்புட்டு உக்கார வெச்சுப் பேசச் சொல்லுவாங்க. ஊசி போடப் போறப்ப யாருக்குத் தொணைக்கு ஆள் இல்லையோ அவங்களுக்கு ஆள் அனுப்பி வெப்பாங்க. இவளுக்கு ஒரு சட்டை குடுத்தாங்க. கையில்லாத சட்டை, உள்ள பை பையா இருக்கும். அதுல ஐஸ் கட்டிப் பொட்டலம் வெச்சுப் போட்டுக்கிட்டா ரெண்டு மணி நேரம் ஒடம்பு குளுகுளுன்னு இருக்கும். நல்ல சாமானுங்க.

வீல்சேர் ஒண்ணும் குடுத்தாங்க. அதை நான் அட்டாலில ஏத்தி வெச்சுட்டேன். நடக்கறவளுக்கு எதுக்குங்க வீல்சேரு? உக்காந்துட்டா அப்பறம் உக்காந்ததுதான். அவ ஒரு நாள் அண்ணாந்து பாத்துட்டு, "அது அங்க பத்திரமா இருக்குது"ன்னா. அவ்வளவுதான்.

அப்பறம் ஒரு நோட்டு குடுத்தாங்க. அதுலதான் வெனையே வந்துச்சு. ரெஜினா மேடம் சொன்னாங்க, "சார், டெய்லி எழுதுங்க. எந்த நேரத்துல எவ்வளவு தூரம் நடந்தாங்க, எப்ப விழுந்தாங்க, எதெது முடியலை. போர்டுல ரெண்டு நிமிசந்தான் பாப்பாங்க, இந்த நோட்டுதான் மீதியைச் சொல்லும்"னு. நான் எழுத்துல சுத்தமான ஆளுங்க. என் ரிப்போர்ட்டு ஒண்ணு கூட டிவிசன் ஆபீஸ்ல இருந்து திரும்பி வந்ததில்லை. மூணு மாசம், ஒரு நாள் தவறாம எழுதுனேன்.

என்ன எழுதுனேன்? "இன்று நன்றாக நடந்தார். வாசல் வரை வந்தார். முகம் தெளிவாக இருந்தது." இதான். விழுந்த நாள்லயும் விழுந்ததை உட்டுட்டு, வேற நல்லது ஏதாச்சும் தேடி எழுதுவேன். ஏன்னு கேளுங்க. பொழுதோட அவ அந்த நோட்டை எடுத்துப் படிப்பாளுங்க. டீச்சரல்ல, யாரு எழுதுனாலும் படிச்சுத் திருத்தோணும் அவளுக்கு. அவ படிக்கற நோட்டுல "இன்னிக்கு விழுந்தா"ன்னு எங்கையால எப்படி எழுதறது? கெட்டதை வாயில சொன்னாலே வீட்ல வெளக்கு வெச்ச நேரத்துல சொல்லாதேம்பாங்க. எழுதி வெச்சா அது நெலைச்சுப் போகாதா? மேடத்துக்கு அதெல்லாம் புரியலை.

சரி, போர்டுக்குப் போற நாள் வந்துச்சு. ஒரு பெரிய எடத்துக்குப் போறப்ப எப்படிப் போகோணுமோ அப்படிப் போனோமுங்க. மூணு நாளைக்கு முன்னாலயே அவளை ஒரு வேலையும் செய்ய உடலை. பட்டுச்சேலை கட்டச் சொன்னேன். ரவிக்கைக்கு மேல அந்த ஐஸ் சட்டை, அதுக்கு மேல முந்தானையைச் சுத்திப் போத்திக்கிட்டா. ஏசி கார் சொன்னேன். காத்தால எட்டு மணிக்கே போய் மொத டோக்கன் வாங்கிட்டேன். மேடம் போன் பண்ணி, "வாசல்ல நம்ம ஆளு வீல்சேரோட நிக்கறாங்க"ன்னாங்க. நான் வேண்டாம்னுட்டேன். சாந்தாமணி மாதர ஒரு டீச்சரை வண்டியில வெச்சுத் தள்ளிட்டுப் போறதா? "நீ நட அம்மணி, நான் பக்கத்துல வர்றேன்"னேன்.

நடந்தாளுங்க. கண்ணு பட்டுரும், அப்படி நடந்தா. டாக்டரு உக்காரச் சொன்னாரு, உக்காந்தா. எந்திரிக்கச் சொன்னாரு, எந்திரிச்சா. அந்த ரூம்ல ஏசி வேற. மூக்கைத் தொடச் சொன்னாரு, தொட்டா. நோட்டைப் பொரட்டுனாரு. "நல்லா நடக்கறாங்கன்னு நீங்களே எழுதியிருக்கீங்களே"ன்னாரு. ரெண்டு நிமிசம், மூணு நிமிசம். முப்பதுன்னு போட்டுட்டாரு.

வெளிய வந்து கார்ல ஏறப் போறப்ப, ஐஸெல்லாம் கரைஞ்சு போயி, வெயில்ல அப்படியே மடங்கி உக்காந்தா. நான் ஓடிப்போய் டாக்டரைக் கூப்புட்டேன், "வந்து இப்பப் பாருங்க"ன்னு. அடுத்த டோக்கன் ஆளு உள்ள இருக்குதுன்னுட்டாங்க.

எனக்கு ஆத்தாமையா வந்துச்சுங்க. ரெண்டு நிமிசம் பாத்தா என்ன தெரியும்? ஒரு மனுசனுக்கு முடியுதா, நடிக்கறானான்னு கண்டுபுடிக்க ஒரு கண்ணு வேணுமுங்க. அது எங்கிட்ட இருந்துச்சு. இந்த ஊனமுற்றோர் பாஸு, ஸ்டூடன்ட் பாஸு எல்லாத்துலயும் கள்ளப் பாஸ் புடிக்கறதுல என்னை அடிச்சுக்க ஆளில்லை. பாஸை நான் பாக்கறதேயில்லை. ஆள் படியேறுறதைத்தான் பாப்பேன்.

ஒருக்கா பாருங்க, இதே ரூட்டுதான், இதே மாதர ஒரு மே மாசம். ஒரு பொம்பள, முப்பது வயசிருக்கும். ஊனமுற்றோர் பாஸை நீட்டுறா. நான் அவ ஏறுறதைப் பாத்தேன். ரெண்டு காலும் நேரா வெச்சு டக்கு டக்குனு ஏறுனா. என்னம்மா, கால் நல்லாத்தானே இருக்குதுன்னேன். "காத்தால நல்லாயிருக்குங்க சார், அப்பறம் முடியாது"ங்கறா. அது என்ன, ஆபீஸ் டைம் மாதர காத்தால இருந்து பொழுதோட வரைக்கும்னு நான் சொன்னேன், வண்டியே சிரிச்சுது. பையில இருந்து கடுதாசியெல்லாம் எடுத்து நீட்டுறா. எதுக்கு அதைப் படிக்கறது, கண்ணால பாத்ததை உட்டுப்போட்டு? பாஸை வாங்கி வெச்சுக்கிட்டு அடுத்த பிரிவு ரோட்டுல எறக்கி உட்டேன். பின்கண்ணாடி வழியாப் பாத்தேன், மைல்கல்லுல உக்காந்துட்டா. உக்காந்தவ எந்திரிக்கவேயில்லை, வண்டி வளைவுல திரும்பற வரைக்கும் பாத்தேன். என்ன நடிப்புடா சாமின்னு கண்டக்டர் பையங்கிட்டச் சொன்னேன்.

அது வேற விசயமுங்க. நான் என்ன சொல்ல வர்றேன்னா, கண்டுபுடிக்கறதுக்கு ஒரு தெறமை வேணும். அந்த டாக்டருக்கு அது இல்லை.

எங்க எந்திரிக்கறீங்க? தண்ணியா? அவளுக்கா? வேண்டாங்க, உங்க பாட்டில்ல ஐஸ் தண்ணி இருக்குது, வெளிய வேர்த்திருக்குது பாருங்க. அவகிட்டத் தண்ணி இருக்குது. சூடாயிருக்கும். அதுவே இருக்கட்டும்.

அப்பீல் பண்ணுனோம். மேடந்தான் மனு எழுதிக் குடுத்தாங்க. இந்தத் தடவை போன்ல தெளிவாச் சொன்னாங்க, "சார், ஒண்ணுமே பண்ணாதீங்க. சாதாரணமா எப்படி ஸ்கூலுக்குப் போவாங்களோ அப்படிக் கூட்டிட்டு வாங்க. ஐஸ் வேண்டாம், கார் வேண்டாம், பட்டுச்சேலை வேண்டாம். எப்பவும் போல"ன்னு. சரிங்கன்னேன். ஆனா எனக்குப் பயமுங்க. எப்பவும் போலன்னா என்ன? அவளுக்குத்தான் எப்பவும் ஒரே மாதர இல்லையே. எப்பவும் போலப் போயி, அன்னிக்குன்னு பாத்து நல்லாயிருந்துட்டா? அதான் இந்த வண்டி, இந்த சீட்டு. இதை மேடத்துகிட்டச் சொல்லலை. சொன்னாத் திட்டுவாங்க.

அவகிட்டச் சொன்னேன். எல்லாத்தையும் கேட்டுக்கிட்டா. அப்பறம், "இத்தனை நாளா நல்லா இருக்கற மாதர காட்டுனீங்க. இப்ப முடியாத மாதர காட்டப் போறீங்க. எப்பத்தான் என்னை மாதரயே காட்டுவீங்க"ன்னா. வேட்டியைச் சரி பண்ணுற மாதர திரும்பிக்கிட்டேன். அவளே, "சரி, அந்த சீட்டுலயே உக்காந்துக்கறேன்"னா.

நோட்டும் புதுசு. இந்தத் தடவை நானே எழுதறேன்னு வாங்கிக்கிட்டா. ரெண்டு மாசமா எங்கிட்டக் காட்டலை. இன்னிக்குக் காத்தால பையில காயிதமெல்லாம் அடுக்கறப்பத்தான் பிரிச்சுப் பாத்தேன். கணக்கு நோட்டு மாதர கோடு கிழிச்சு, தேதி, மணி, எத்தனை அடின்னு போட்டிருக்கறா. பதினேழாந்தேதி, பாத்ரூம்ல விழுந்தேன், இருபது நிமிடம் எழ முடியவில்லை, அவர் கடைக்குப் போயிருந்தார், சொல்லவில்லை. இருவத்திமூணு, அடுப்படியில் விழுந்தேன், சொல்லவில்லை. முப்பதாந்தேதி, கரண்டி பிடிக்க முடியவில்லை, பசியில்லை என்று சொல்லிவிட்டேன். பக்கம் பக்கமா அந்த "சொல்லவில்லை" இருக்குதுங்க. மத்த நாளெல்லாம் நான் அதே வீட்ல அடுத்த ரூம்லதான் இருந்தேன். என் கண்ணைத் தப்பி ஒருத்தன் டிக்கெட் இல்லாம போனதில்லை. மூடி வெச்சுட்டேன். படிச்சேன்னு அவளுக்குத் தெரியாது.

இப்பப் பாருங்க, தலை சாஞ்சிருச்சு. கை தொடை மேல உளுந்து கெடக்குது, அதைத் தூக்கி வேர்வையைத் தொடைக்கப் பாக்கறா, வரலை. ஒண்ணே கால் மணி நேரத்துக்கே இப்படி. பாக்க முடியலீங்க எனக்கு. நான் இந்தப் பக்கம் உக்காந்ததே அதுக்குத்தான். பக்கத்துல உக்காந்திருந்தேன்னா அஞ்சு நிமிசத்துல எடம் மாத்தி உட்டிருப்பேன். இன்னிக்கு ஒரு நாள், சாமி. இன்னும் கால் மணி நேரம். ஸ்டாண்டுக்கு எதிர்லதான் ஆசுபத்திரி. மேடம் சொல்லி வெச்சபடி ஒரு பொண்ணு வீல்சேரோட நிக்கும். அதுல உக்கார வெச்சு நேரா அந்த டாக்டரு முன்னால கொண்டுபோய் நிறுத்தீர்றேன். இப்பப் பாருங்க சார், ரெண்டு நிமிசம் போதும், பாருங்கன்னு.

என்னுங்க? மேக்கயா? மேகந்தானுங்க அது. இந்த நேரத்துல அப்படித்தான் இருட்டும், காத்தடிச்சா கலைஞ்சுரும். வைகாசி மேகம், வெறும் வேசம்.

மண் வாசம் வருதுங்களா? எனக்கு வரலை.

ஒரு துளி மேல பட்டுச்சு.

ஏ, மழையப்பா. என்னங்க இது. ரெண்டு மாசமா ஒரு பொட்டுத் தூறல் இல்லீங்க. எல்லாரும் சந்தோசப்படறாங்க, அங்க பாருங்க, அந்தப் பையன் சன்னல் வழியாத் தலையை நீட்டுறான். ஷட்டரைப் போடுங்கன்னு ஒருத்தரும் சொல்லமாட்டேங்கறாங்க. அவ சன்னல் ஷட்டரு எறங்காதல்ல. நாந்தான் பாத்து புடிச்ச சீட்டு. சாரல் பூராவும் அவ மேலதான் அடிக்குது. மொகத்தைக் காட்டறா பாருங்க. கண்ணை மூடிட்டு மொகத்தைக் காட்டறா.

நான் என்ன பண்ணட்டுங்க? போயி சன்னலை அடைச்சுட்டு நிக்கட்டுமா? சித்த இருங்க, வந்தர்றேன்.

போனனுங்க. துண்டை எடுத்து சன்னலுக்குக் குறுக்கப் புடிச்சேன். துண்டை வாங்கி மடியில வெச்சுக்கிட்டா. கை நல்லாவே நீண்டுச்சு. சேலை பூரா நனைஞ்சு போச்சு, கையைத் தொட்டுப் பாத்தேன், ஐஸ் சட்டை போட்டப்ப இருந்த மாதர சில்லுன்னு இருக்குது. "அம்மணி, கால் எப்படி இருக்குது"ன்னேன். "வந்துருச்சுங்க"ன்னா. எத்தனை சந்தோசமாச் சொல்றா தெரியுங்களா.

அப்பறம் நான் ஒண்ணு கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. மெதுவாக் குனிஞ்சு, "உள்ள போறப்ப மட்டும் அந்த இடது காலைக் கொஞ்சம் இழுத்து நடக்கறியா"ன்னேன். அவ என்னைப் பாத்தா. முப்பத்தியொரு வருசம் காக்கிச் சட்டைக்கு கஞ்சி போட்டுக் குடுத்தவ. "நீங்களா சொல்றீங்க"ன்னா. திரும்பி மழையைப் பாக்க ஆரம்பிச்சுட்டா.

அதான் வந்துட்டேன்.

நின்னு போகுமான்னு கேக்கறீங்களா? நின்னாலும் என்னங்க, ஊரே குளுந்து போச்சே. மறுக்கா வெயிலடிச்சு, தரை காஞ்சு, அவளுக்குச் சூடு ஏறுறதுக்குள்ள மூணு மணி ஆயிரும். திங்கக்கெழமை கவுன்சிலிங். அடுத்த புதன்கெழமை வந்து என்ன ஆகப்போகுது.

நோட்டு இருக்குதுங்க. பையில பத்திரமாத்தான் இருக்குது, நனையலை. அவ கைப்பட எழுதுனது, ஒரு பொய் இல்லை. டாக்டரு அதைப் படிப்பாருங்களா? முன்னால ஒருத்தி நேரா நடந்து வந்து உக்காந்திருக்கறப்ப கடுதாசியை எடுத்துப் படிப்பாருங்களா?

நானா இருந்தாப் படிக்க மாட்டனுங்க.

அந்தப் பாஸ்காரப் பொம்பளையும் பையில இருந்து எடுத்து நீட்டுனா. ஒரு கத்தை இருந்துச்சு. மேல ஒரு ஆசுபத்திரி சீல் போட்டிருந்துச்சு, அது மட்டும் இப்ப ஞாபகத்துக்கு வருது. இத்தனை வருசம் வரலை. அன்னிக்கு மழையும் இல்லீங்க, நல்ல வெயிலு.

ஸ்டாண்டு வந்துருச்சு. அதா, அந்த டீக்கடை ஓரமா நிக்குது பாருங்க, நீலச் சுடிதாரு, அதுதான் சங்கத்துப் பொண்ணு. வீல்சேருக்கு மேல பாலிதீன் பை போட்டு மூடி வெச்சிருக்குது, நனையக் கூடாதுன்னு. தான் நனைஞ்சுட்டு நிக்குது, பாவம். ஏம்மா, வர்றோம், வர்றோம்.

எந்திரிச்சுட்டா. கம்பியைப் புடிக்கலை பாருங்க. பையை அவளே தோள்ல மாட்டிக்கிட்டா. மேல் படி. ரெண்டாவது படி. இடது காலை மொதல்ல வெக்கறா, எறங்கறப்ப அதுதான் அவளுக்குச் சிரமம், அதையே வெக்கறா. அஞ்சு வருசமாச்சுங்க, அவ பஸ்ஸுல இருந்து இப்படிக் கம்பியைப் புடிக்காம எறங்கி நான் பாத்து. எறங்கிட்டாளுங்க.

நீங்க உக்காருங்க. ஒத்தாசை கேட்டிருந்தேன், இப்ப வேண்டியதில்லை.